அத்தியாயம் 7: மைக்ரோசிப் எலக்ட்ரோஃபோரெசிஸில் மின்வேதியியல் கண்டறிதல்

இந்த அத்தியாயத்துக்கு வரும்போது உங்கள் கையில் கசிவில்லாத ஒரு சிப் இருக்கும். மாதிரியைச் செலுத்தவும் மின்புலத்தால் பிரிக்கவும் பழகியிருப்பீர்கள். இனி, பிரிந்து வரும் பொருட்களைக் கண்டறிய வேண்டும். கால்வாயின் முடிவில் ஒரு மின்முனையை வைத்து, அதைத் தொட்டுச் செல்லும் மூலக்கூறுகளை மின்னோட்டமாகவோ கடத்துத்திறனாகவோ படிப்பதுதான் மின்வேதியியல் கண்டறிதல்.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். பிரிப்பதற்காகக் கொடுக்கும் ஆயிரத்துச் சொச்சம் வோல்ட்டும், ஒரு வோல்ட்டுக்குக் கீழே நுணுக்கமாக வேலை செய்யும் மின்முனையும் ஒரே சொட்டுக் கரைசலில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பைச் சரியாக அமைத்தால் எளிய கருவியும் நல்ல முடிவு தரும். அமைக்காவிட்டால், மின்முனையின் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் விலையுயர்ந்த பொட்டென்ஷியோஸ்டாட்டும் கைகொடுக்காது. இந்த அத்தியாயத்தின் எல்லாப் பகுதிகளும் இந்த ஒரு சிக்கலைத்தான் தீர்க்க முயல்கின்றன.

7.1 ஏன் மின்வேதியியல்?

மாதிரி எடுத்தல், பிரித்தல், அளத்தல் எல்லாவற்றையும் ஒரே சிறு தகட்டில் செய்யலாம் என்ற திட்டத்தை 1990-ல் ஆண்ட்ரியாஸ் மான்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கண்ணாடித் தகட்டில் பொறித்த கால்வாய்களுக்குள் எலக்ட்ரோஃபோரெசிஸ் நடந்தது. நம் பாடநூல்கள் மின்முனைக் கவர்ச்சி என்று சொல்லும் அதே நிகழ்வுதான், சில சென்டிமீட்டர் நீளத்துக்குள் சில பத்து விநாடிகளில் முடிந்தது. பிரிக்கும் பகுதி சுருங்கிவிட்டாலும் கண்டறியும் பகுதி சுருங்கவில்லை. லேசர், லென்ஸ், ஒளிபெருக்கிக் குழாய் ஆகியவை சிப்பைச் சுற்றி ஒரு மேசையையே நிரப்பின.

ஒளி உறிஞ்சலை அளக்கலாமே என்று கேட்கலாம். உறிஞ்சல் என்பது ஒளி கடக்கும் தூரத்தைப் பொறுத்தது. சாதாரண குவெட்டில் அந்தத் தூரம் 1 சென்டிமீட்டர். 20 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள கால்வாயில் அது 500-ல் ஒரு பங்கு. சமிக்ஞையும் அதே விகிதத்தில் குறையும். லேசர் ஒளிர்வு முறை மிகக் கூர்மையானதுதான். ஆனால் பெரும்பாலான மூலக்கூறுகளுக்குத் தாமாக ஒளிரும் இயல்பு இல்லை; சாயம் ஏற்ற வேண்டும்.

மின்முனைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் மின்முனைப் பரப்பில் நடக்கின்றன. கால்வாய் எவ்வளவு ஆழம் என்பது அங்கே பெரிதல்ல. மின்முனை சிறிதாகும்போது சமிக்ஞை குறைந்தாலும் இரைச்சலும் சேர்ந்து குறைகிறது. சிப்பைச் செய்யும் அதே உலோகப் படிவு முறையால் மின்முனையையும் சிப்பிலேயே பதித்துவிடலாம். 1998-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வூலி, மதீஸ் குழுவினர் கால்வாயின் முடிவையொட்டி பிளாட்டினம் மின்முனையைப் பதித்து, டோபமின் போன்ற நரம்புச் செய்தி மூலக்கூறுகளைக் கண்டறிந்து காட்டினார்கள். இத்துறையின் சிப் வழிப் பயணம் அங்கிருந்து வேகமெடுத்தது.

7.2 மூன்று வழிகள், எது உங்களுக்கு?

ஆம்பெரோமெட்ரி: மின்முனையை ஒரு நிலையான மின்னழுத்தத்தில் நிறுத்தி, பொருள் ஆக்சிஜனேற்றமோ ஒடுக்கமோ அடையும்போது பாயும் மின்னோட்டத்தை அளப்பது. டோபமின், அட்ரினலின், செரடோனின், அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம், பீனால்கள், நைட்ரைட்டு, தயால்கள் ஆகியவற்றுக்கு இதுவே முதல் தேர்வு. மின்வினை புரியாத பொருளை இது காணாது. அதுவே இதன் பலமும்கூட. மாதிரியில் இருக்கும் நூறு பொருட்களில் உங்களுக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் காட்டும்.

கடத்துத்திறன்: சுற்றியுள்ள பஃபரின் கடத்துத்திறனிலிருந்து ஒரு மண்டலத்தின் கடத்துத்திறன் எவ்வளவு மாறுபடுகிறது என்று பார்ப்பது. பொட்டாசியம், சோடியம், லித்தியம், குளோரைடு, நைட்ரேட்டு, சிறு கரிம அமிலங்கள் என மின்வினை புரியாத அயனிகளுக்கு இதுதான் வழி.

பொட்டென்ஷியோமெட்ரி: அயனித் தேர்வுச் சவ்வு பூசிய மின்முனையின் மின்னழுத்தத்தை அளப்பது. சிப்பில் இதன் பயன்பாடு மிகக் குறைவு. தொடங்குபவர்கள் இதை ஒதுக்கிவைக்கலாம்.

7.3 கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள். நம் மாதிரிச் சிப்பின் பிரிப்புக் கால்வாய் 5 சென்டிமீட்டர் நீளம், 50 மைக்ரோமீட்டர் அகலம், 20 மைக்ரோமீட்டர் ஆழம். கொடுக்கும் மின்னழுத்தம் 1,500 வோல்ட். ஆக, மின்புலம் சென்டிமீட்டருக்கு 300 வோல்ட்.

இரட்டை-டி செலுத்தியில் இரு பக்கக் கால்வாய்களுக்கும் இடைவெளி 100 மைக்ரோமீட்டர் என்றால், உள்ளே போகும் மாதிரியின் கன அளவு 100 பிகோ லிட்டர். 100 மைக்ரோமோலார் டோபமின் கரைசலில் அதற்குள் இருப்பது 10 ஃபெம்டோமோல். ஒவ்வொரு டோபமின் மூலக்கூறும் 2 எலக்ட்ரான்களை இழந்து குயினோனாக மாறுகிறது. எல்லா மூலக்கூறுகளும் வினைபுரிந்தால் ஃபாரடே விதிப்படி கிடைக்கும் மின்னூட்டம் சுமார் 1.9 நானோ கூலும். நடைமுறையில் ஒரு பகுதி மட்டுமே மின்முனையைத் தொடும். பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பீக் 2 விநாடி நீடித்தால் சராசரி மின்னோட்டம் 0.1 நானோ ஆம்பியர்.

இனி மறுபக்கம். 20 மில்லிமோலார் எம்.ஈ.எஸ். பஃபரில் இதே கால்வாயில் பாயும் பிரிப்பு மின்னோட்டம் சுமார் 3 மைக்ரோ ஆம்பியர். நீங்கள் தேடும் சமிக்ஞையைவிட இது 30,000 மடங்கு. இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடுமாற்றம் மின்முனைக்குள் புகுந்தாலும் அது 3 நானோ ஆம்பியர். உங்கள் பீக் அதற்குள் 30 மடங்கு சிறியதாகப் புதைந்துபோகும்.

இன்னொரு வரி. சென்டிமீட்டருக்கு 300 வோல்ட் என்றால் மைக்ரோமீட்டருக்கு 0.03 வோல்ட். மின்முனை கால்வாய்க்குள் 10 மைக்ரோமீட்டர் நகர்ந்தால், அதைச் சூழ்ந்த கரைசலின் மின்னழுத்தம் 0.3 வோல்ட் மாறும். டோபமினுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்போகும் மின்னழுத்தமே 0.8 வோல்ட்டை ஒட்டியதுதான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலான நகர்வு, உங்கள் அளவீட்டின் அடித்தளத்தையே மாற்றிவிடும். அதனால்தான் மின்முனையை எங்கே வைப்பது என்ற கேள்வி, எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டும்.

7.4 மின்முனையை எங்கே வைப்பது?

இந்தச் சிக்கல் சிப்போடு பிறந்ததல்ல. 1987-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாலிங்ஃபோர்டும் யூயிங்கும் நுண்குழாயில் ஆம்பெரோமெட்ரி செய்தபோது, குழாயில் ஒரு விரிசல் ஏற்படுத்தி அதன்மேல் நுண்துளைக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். பிரிப்பு மின்னோட்டம் அந்தத் துளைகள் வழியே வெளியேறியது. மின்முனை இருந்த பகுதி மின்புலமின்றி அமைதியானது. சிப்பில் இன்று நாம் செய்யும் மூன்று அமைப்புகளும் அதே நோக்கத்துக்கான வெவ்வேறு விடைகள்.

முடிவுக்கு வெளியே: கால்வாய் குழியில் திறக்கும் இடத்துக்கு வெளியே, 10 முதல் 40 மைக்ரோமீட்டர் தள்ளி மின்முனையை வைப்பது. கால்வாய் சட்டென்று அகலமான குழியில் விரிவதால் அங்கே மின்புலம் கால்வாய் அகலத்தை ஒத்த தூரத்துக்குள் வீழ்ந்துவிடுகிறது. செய்வதற்கு மிக எளிய அமைப்பு இதுதான். இதற்கு விலையும் உண்டு: வெளியே வந்த பொருள் பக்கவாட்டில் பரவுவதால் பீக் அகலமாகும், வாலும் நீளும். நெருங்கினால் இரைச்சல், விலகினால் பரவல். இரண்டுக்கும் நடுவே உங்கள் சிப்புக்குரிய இடத்தை நீங்களே அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

கால்வாய்க்குள், மின்புலம் நீக்கி: மின்முனைக்குச் சற்று முன்பாக, பிரிப்பு மின்னோட்டத்தைத் தரையிறக்கும் ஓர் உலோகப் பட்டையைப் பதிப்பது. இதற்குப் பல்லேடியம் பொருத்தமானது. எதிர்முனையாக வேலை செய்யும் உலோகத்தில் நீர் ஒடுங்கி ஹைட்ரஜன் உருவாகும். அது குமிழியானால் கால்வாய் அடைபடும். பல்லேடியம் தன் கன அளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். பட்டையைக் கடந்தபின் கரைசல் பின்னாலிருந்து வரும் தள்ளலால் மட்டுமே நகர்கிறது. அங்கே நடுவில் வேகமும் ஓரத்தில் மந்தமுமாக ஓட்டம் வளைவதால் பீக் மெல்ல விரியும். ஆகவே உணர் மின்முனையைப் பட்டையிலிருந்து சில நூறு மைக்ரோமீட்டருக்குள் வையுங்கள். பட்டை ஹைட்ரஜனால் நிறைவடைந்துவிட்டால் அடிக்கோடு அலைபாயும். ஓய்வு கொடுங்கள், அல்லது பிரிப்பு மின்னோட்டத்தைக் குறையுங்கள்.

கால்வாய்க்குள், மின்புலத்தின் நடுவிலேயே: பொட்டென்ஷியோஸ்டாட்டைத் தரையோடு தொடர்பின்றி முழுவதும் மிதக்கவிட்டால், மின்முனையைக் கால்வாய்க்குள்ளேயே வைக்கலாம். தரைக்குப் போகும் பாதை இல்லாததால் பிரிப்பு மின்னோட்டம் மின்முனை வழியே வெளியேறாது. 2002-ல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் சூசன் லூன்டே குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். பொருள் வெளியே பரவும் முன்பே கண்டறியப்படுவதால் பீக்குகள் கூர்மையாக வரும். ஆனால் 7.3-ல் பார்த்தபடி மின்முனையின் உண்மையான மின்னழுத்தம் அதன் இடத்தோடு மாறும். சிப்புக்குச் சிப் மறு அளவீடு கட்டாயம். சாதாரண, தரையிறக்கப்பட்ட பொட்டென்ஷியோஸ்டாட்டை வைத்து இதை முயலவே கூடாது. உயர் மின்னழுத்தம் அதன் உள்சுற்றைச் சுட்டுவிடும்.

முதல் சிப்புக்கு முடிவுக்கு வெளியே வைக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டும் இதில் தேர்ந்தவர்களுக்கு.

7.5 எந்தப் பொருளால் ஆன மின்முனை?

கார்பன்: டோபமின் வகைகள், பீனால்கள், அஸ்கார்பிக் அமிலம் ஆகிய கரிமப் பொருட்களுக்கு. கார்பன் இழை, கார்பன் பசை, அச்சிட்ட கார்பன் மை என மூன்று வடிவங்களில் கிடைக்கும். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாங் குழுவினர் அச்சிட்ட கார்பன் பட்டைகளைக் கண்ணாடிச் சிப்புகளுடன் இணைத்துப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். பட்டை அழுக்கடைந்தால் கழற்றிப் புதிதாகப் பொருத்தலாம். தொடக்கநிலை ஆய்வகத்துக்கு இது பெரிய வசதி.

பிளாட்டினம்: நைட்ரைட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு.

தங்கம்: சர்க்கரைகளுக்குக் காரக் கரைசலில் துடிப்பு முறையில். பாதரசம் பூசிய தங்கம், தயால்களுக்கு.

தாமிரம்: காரக் கரைசலில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும்.

போரான் கலந்த வைரம்: அழுக்குப் பிடிப்பது குறைவு, பின்னணி மின்னோட்டமும் குறைவு. விலைதான் தடை.

டி.என்.டி. போன்ற நைட்ரோ வெடிபொருட்களை எதிர்மின்னழுத்தத்தில் ஒடுக்கிக் கண்டறியலாம். அப்போது கரைந்துள்ள ஆக்சிஜனும் ஒடுங்கிப் பின்னணியை உயர்த்தும். பஃபரில் நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜனை வெளியேற்றியபின் தொடங்குங்கள்.

7.6 முதல் ஓட்டம்: படிப்படியாக

டோபமின், கேட்டகால், அஸ்கார்பிக் அமிலம் மூன்றையும் பயிற்சிக் கலவையாகக் கொள்ளுங்கள். 6.5 பி.எச். அளவில் டோபமின் நேர்மின் சுமை கொண்டது, கேட்டகால் சுமையற்றது, அஸ்கார்பிக் அமிலம் எதிர்மின் சுமை கொண்டது. ஆகவே கண்ணாடிச் சிப்பில் இதே வரிசையில் வந்துசேரும். வரிசை மாறினால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

படி 1. பஃபர். 20 மில்லிமோலார் எம்.ஈ.எஸ்., சோடியம் ஹைட்ராக்சைடால் 6.5-க்குச் சரிசெய்யப்பட்டது. 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, காற்றை நீக்குங்கள். கால்வாய் அடைப்புகள் பல இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் வருகின்றன.

படி 2. மாதிரி. டோபமின் காற்றில் பழுப்பேறும். 10 மில்லிமோலார் இருப்புக் கரைசலை 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் தயாரித்து, வெளிச்சம் படாமல் குளிரில் வையுங்கள். அன்றன்று பஃபரில் நூறு மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3. கால்வாயைக் கழுவுதல். கண்ணாடிச் சிப்பை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் 15 நிமிடம், பின் தூய நீர், பின் பஃபர். சுவரின் மின்சுமைதான் மொத்தக் கரைசலையும் நகர்த்துகிறது. சுவர் சுத்தமில்லையென்றால் பீக்குகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் வெவ்வேறு நேரத்தில் வரும். பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரால் ஆன சிப்பில் இந்த ஓட்டம் கண்ணாடியைவிட மெதுவானது, நாளாக ஆக மாறவும் செய்யும். அதில் அஸ்கார்பிக் அமிலம் மிகத் தாமதமாக வரலாம்.

படி 4. குழிகளை நிரப்புதல். நான்கு குழிகளிலும் கரைசல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மட்ட வேறுபாடு இருந்தால் மின்புலமே இல்லாமல் கரைசல் நகரத் தொடங்கும், மாதிரியும் கசியும்.

படி 5. ஓம் விதிச் சோதனை. மின்முனையைப் பொருத்தும் முன், 200 வோல்ட்டிலிருந்து 200, 200-ஆக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் பிரிப்பு மின்னோட்டத்தைக் குறியுங்கள். வரைபடம் நேர்கோடாக இருக்கும் வரை கால்வாய் சூடேறவில்லை என்று பொருள். கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கும் மின்னழுத்தத்துக்குக் கீழேயே வேலை செய்யுங்கள். மின்னோட்டம் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் உள்ளே குமிழி.

படி 6. செலுத்தலைக் கண்ணால் பார்த்தல். ஃப்ளூரசீன் சாயத்தை மாதிரிக் குழியில் இட்டு, நுண்ணோக்கியில் சந்திப்பைப் பாருங்கள். செலுத்தும்போது சாயம் ஓரங்களில் கசியாமல் இறுகி நிற்க வேண்டும். பிரிக்கும்போது பக்கக் கால்வாய்களில் சிறிய பின்னிழுப்பு மின்னழுத்தம் கொடுத்து, மாதிரி தொடர்ந்து ஒழுகாமல் தடுங்கள். ஒழுகினால் அடிக்கோடு மெல்ல ஏறும். அதை மின்முனையின் குறை என்று நினைத்து வீணாக அலைவீர்கள்.

படி 7. மின்முனையை ஒட்டுதல். நுண்ணோக்கியின் கீழ் கால்வாய் வாயிலுக்கு வெளியே சுமார் 25 மைக்ரோமீட்டரில் மின்முனையின் முன்விளிம்பை நிறுத்துங்கள். அளவுகோலோடு படம் எடுத்துச் சேமியுங்கள். ஒவ்வொரு முறை சிப்பைக் கழற்றி மாட்டினாலும் புதுப்படம் வேண்டும்.

படி 8. இணைக்கும் வரிசை. கண்டறிதல் குழியில் உயர் மின்னழுத்தத்தின் தரைக் கம்பி, வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை, பிளாட்டினம் துணை மின்முனை மூன்றும் இருக்கும். தரைக் கம்பியை முதலில் இணையுங்கள், கடைசியில் கழற்றுங்கள். அது நழுவிவிட்டால் உயர் மின்னழுத்தம் உணர் மின்முனை வழியாகத் தரையைத் தேடும். பிரிப்பு மின்னோட்டம் நிலைத்த பிறகே பொட்டென்ஷியோஸ்டாட்டை இயக்குங்கள்.

படி 9. காத்திருத்தல். 0.8 வோல்ட் கொடுத்தவுடன் பின்னணி மின்னோட்டம் உயர்ந்து, மெல்ல இறங்கும். அது நிலைப்பதற்குப் பத்து முதல் முப்பது நிமிடம் ஆகலாம். அடிக்கோடு தட்டையாகும் முன் எடுத்த தரவை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

படி 10. ஓட்டம். சில விநாடி செலுத்தி, பிரிப்புக்கு மாற்றுங்கள். கண்ணாடியில் டோபமின் அரை நிமிடத்தை ஒட்டி வரும். 30 விநாடியில் வரும் பீக்கின் பாதி உயர அகலம் 1 விநாடி என்றால், 30-ன் வர்க்கத்தை 5.54-ஆல் பெருக்கக் கிடைப்பது பிரிப்புத் திறனைக் காட்டும் சுமார் 5,000 கோட்பாட்டுத் தட்டுகள். முதல் சிப்புக்கு இது மனநிறைவான எண்.

பாதுகாப்பு: 1,500 வோல்ட் விளையாட்டல்ல. மின்வழங்கியில் மின்னோட்ட வரம்பை மிகக் குறைவாக அமையுங்கள். மூடியைத் திறந்தால் தானே அணையும் சுவிட்ச் உள்ள பெட்டிக்குள் சிப்பை வையுங்கள். அணைத்து, அளவி பூஜ்யம் காட்டிய பிறகே குழிகளைத் தொடுங்கள்.

7.7 கட்டாயச் சோதனை: நீரோட்ட வோல்ட்டாமோகிராம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கண்டறிதல் மின்னழுத்தத்தை 0.2 வோல்ட்டில் தொடங்கி 0.1 வோல்ட் படிகளாக 1.0 வரை உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அதே மாதிரியை ஓட்டி டோபமின் பீக்கின் உயரத்தை வரையுங்கள். வரைபடம் முதலில் தாழ்வாகக் கிடந்து, பிறகு ஏறி, கடைசியில் சமதளமாகும். சமதளம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே உங்கள் வேலை மின்னழுத்தம். அதற்கு மேல் போனால் பீக் வளராது, பின்னணியும் இரைச்சலும்தான் வளரும்.

இதே சோதனையை இரண்டு பிரிப்பு மின்னழுத்தங்களில், 750-லும் 1,500-லும் செய்யுங்கள். இரு வளைவுகளும் பாதி உயரத்தை ஒரே இடத்தில் கடந்தால், பிரிப்பு மின்புலம் மின்முனையைத் தொடவில்லை. 1,500 வோல்ட் வளைவு வலப்புறம், அதாவது கூடுதல் நேர்மின்னழுத்தம் நோக்கி நகர்ந்திருந்தால், மின்புலம் மின்முனை வரை எட்டுகிறது. அந்த இடத்தில் கரைசலே நேர்மின்னழுத்தத்துக்கு உயர்ந்திருப்பதால், நீங்கள் கொடுக்கும் 0.8 வோல்ட்டில் ஒரு பகுதி அதை ஈடுகட்டவே செலவாகிறது. மின்முனையை மேலும் சில மைக்ரோமீட்டர் விலக்கி, மறுபடி ஓட்டுங்கள். அரை நாள் வேலை இது; செய்யாமல் விட்டால் பிறகு வரும் எல்லா எண்களும் சந்தேகத்துக்குரியவை.

7.8 தொடாமல் கேட்பது: கடத்துத்திறன் முறை

மின்முனை கரைசலைத் தொடாமலே கடத்துத்திறனை அளக்க முடியும். 1998-ல் ஆஸ்திரியாவில் சேமான் குழுவினரும், பிரேசிலில் ஃப்ரகாசி ட சில்வா, டு லாகோ இருவரும் தனித்தனியே இதை நுண்குழாயில் எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். விரைவில் அது சிப்புக்கும் வந்தது. கால்வாயை மூடும் மெல்லிய தகட்டின் வெளிப்புறத்தில் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டுங்கள். ஒன்றில் சில நூறு கிலோ ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னழுத்தம். அது தகட்டின் வழியே மின்தேக்கி போலக் கரைசலுக்குள் இறங்கி, கால்வாய் வழியே சென்று, அடுத்த பட்டையில் எடுக்கப்படுகிறது. நேர்திசை உயர் மின்னழுத்தம் தகட்டைக் கடக்காது. ஆகவே 7.3-ல் கண்ட மோதல் இங்கே இல்லவே இல்லை. மின்முனை அழுக்காவதும் இல்லை.

மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள். ஒன்று, இரு பட்டைகளுக்கும் நடுவே தரையிறக்கிய உலோகத் தடுப்பு வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை கால்வாயை விட்டுவிட்டுக் காற்று வழியே தாவும். இரண்டு, தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். தடிமன் கூடக் கூட உணர்திறன் இறங்கும். மூன்று, பின்னணிக் கடத்துத்திறன் குறைந்த பஃபர் வேண்டும். எம்.ஈ.எஸ்., ஹிஸ்டிடின் இரண்டும் 20 மில்லிமோலார் வீதம் கலந்தது பரவலாகப் பயன்படும் கலவை. இதில் பொட்டாசியம் முதலில், பின்னர் சோடியம், அதற்கும் பின்னர் லித்தியம். அமோனியம் பொட்டாசியத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். 18-கிரௌன்-6 சேர்த்தால் பொட்டாசியம் பின்தங்கி இரண்டும் பிரியும்.

கடத்துத்திறன் கண்டறிதல் ஆய்வகச் சுவரைத் தாண்டியதற்கு நல்ல எடுத்துக்காட்டு லித்தியம். இருமுனை மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்களின் இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். சற்றே மிஞ்சினால் நஞ்சு. அதே இரத்தத்தில் சோடியம் 140 மில்லிமோலை ஒட்டி இருக்கிறது. அந்தப் பெரிய பீக்கின் வால் முடியும் முன்பே சிறிய லித்தியம் பீக் வருகிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்தத் துளியிலிருந்தே லித்தியத்தைப் பிரித்துக் கடத்துத்திறனால் அளக்கும் சிப்பை உருவாக்கி, 2007-ல் மருத்துவ ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். படுக்கையோரம் ஒரு மனிதருக்குப் பயன்படும் அளவீடு இந்தச் சிறிய தகட்டால் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7.9 பிழை தேடும் பட்டியல்

பீக்கே இல்லை: பிரிப்பு மின்னோட்டத்தைப் பாருங்கள். பூஜ்யமென்றால் குமிழி அல்லது அடைப்பு. மின்னோட்டம் சரியென்றால் துருவத் திசையைச் சரிபாருங்கள். அதுவும் சரியென்றால் மின்முனை வாயிலின் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது.

பீக் அகலமாக, வாலோடு வருகிறது: மின்முனை தூரத்தில் இருக்கிறது, அல்லது செலுத்தல் நேரம் அதிகம், அல்லது மாதிரி சுவரில் ஒட்டுகிறது.

இரைச்சல் ஒழுங்கான அலையாக இருக்கிறது: 50 ஹெர்ட்ஸ் மின்வலை. சிப்பையும் முன்பெருக்கியையும் ஃபாரடே கூண்டுக்குள் வையுங்கள். எல்லாத் தரை இணைப்புகளையும் ஒரே புள்ளியில் சேருங்கள்.

இரைச்சல் ஒழுங்கற்ற துள்ளலாக இருக்கிறது: கண்டறிதல் குழியில் தரைக் கம்பியில் எழும் குமிழிகள். கம்பியைக் கால்வாய் வாயிலிலிருந்து தள்ளி வையுங்கள்.

பீக் ஒவ்வோர் ஓட்டத்திலும் சிறிதாகிறது: மின்முனைப் பரப்பு அழுக்கடைகிறது. பீனால்களும் செரடோனினும் ஆக்சிஜனேறியபின் படலமாகப் படிபவை. மின்னழுத்தத் துடிப்பால் சுத்தம் செய்யுங்கள், அல்லது பரப்பைப் புதுப்பியுங்கள். பத்து மாதிரிக்கு ஒருமுறை நிலைக் கரைசலை ஓட்டி, வீழ்ச்சியைக் கண்காணியுங்கள்.

எல்லாப் பீக்குகளும் மெல்லத் தாமதமாகின்றன: சுவர் மாறுகிறது, அல்லது குழிகளில் பஃபரின் பி.எச். மாறுகிறது. மின்னாற்பகுப்பு சிறிய குழிகளில் இதை விரைவாகச் செய்யும். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை பஃபரை மாற்றுங்கள்.

ஒரே மாதிரிக்கு வெவ்வேறு அளவு: மின்புலத்தால் செலுத்தும்போது வேகமாக நகரும் அயனிகள் கூடுதலாக உள்ளே வரும், மாதிரியின் உப்பளவு மாறினால் இந்தச் சாய்வும் மாறும். நிலைக் கரைசலையும் மாதிரியையும் ஒரே பஃபரில் கரைத்து, உள் ஒப்பீட்டுப் பொருள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7.10 குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?

கால்வாயின் நீளம், அகலம், ஆழம், பஃபரின் செறிவும் பி.எச். அளவும், பிரிப்பு மின்னழுத்தமும் மின்னோட்டமும், செலுத்தும் நேரம், மின்முனையின் பொருளும் அளவும், வாயிலிலிருந்து அதன் தூரம் (படத்தோடு), இரண்டு பிரிப்பு மின்னழுத்தங்களில் எடுத்த வோல்ட்டாமோகிராம், அடிக்கோட்டு இரைச்சலின் மூன்று மடங்கைக் கொண்டு கணக்கிட்ட கண்டறி வரம்பு. இவற்றில் முதல் சிலவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். தூரத்தையும் வோல்ட்டாமோகிராமையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாத ஒரு முடிவை இன்னோர் ஆய்வகம் திரும்பச் செய்ய இயலாது. உங்களாலேயே அடுத்த ஆண்டு புதிய சிப்பில் திரும்பச் செய்ய இயலாது.

ஆகவே, கருவிக்குப் பணம் ஒதுக்கும் முன் ஒரு நல்ல நுண்ணோக்கிக்கும், மைக்ரோமீட்டர் துல்லியத்தில் நகர்த்தும் மேடைக்கும் ஒதுக்குங்கள். மாணவர்களிடம் முதல் வாரத்தில் பீக்கைக் கேட்காதீர்கள்; மின்முனைத் தூரத்தையும் ஓம் விதி வரைபடத்தையும் கேளுங்கள். அவை இரண்டும் சரியாக வந்த சிப்பில் பீக் பெரும்பாலும் வரும்.